சூடு தெரியாத இடப்பக்கம்

ஆப்பரேஷன் நாள் காலையில் டாக்டர் என்னை நிற்க வைத்து மார்பில் நீல மையால் கோடு போட்டார். நான் அவர் கையைப் பார்க்கவில்லை. கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெண் டாக்டர்தான், மலையாளி, என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். கழுத்துக் குழியிலிருந்து நாடா வைத்து அளந்தார். ஒரு வட்டம் போட்டார், வட்டத்திலிருந்து கீழே ஒரு கோடு, அடியில் வளைவாக இன்னொரு கோடு. படுக்க வைத்துக் கோடு போட்டால் என்ன என்று கேட்டேன். படுத்தால் சதை பக்கவாட்டில் சரிந்துவிடும், அளவு தப்பிப்போகும் என்றார். பதில் சரியாகத்தான் இருந்தது. சரியான பதிலை உடனே சொல்கிறவர்களை எனக்கு நம்பிப் பழக்கமில்லை.

அப்புறம் போட்டோ எடுத்தார்கள். முன்னால் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. முகம் வராது என்றார் டாக்டர். காட்டுங்கள் என்றேன். காட்டினார். முகம் இல்லைதான். ஆனால் கழுத்தில் கிடந்த கறுப்புக் கயிறு விழுந்திருந்தது. கயிற்றைக் கழற்றி நர்ஸ் கையில் கொடுத்துவிட்டு மறுபடி எடுக்கச் சொன்னேன். டாக்டர் மறுபடி எடுத்தார்.

எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். கால் ஓர் இடத்தில் தரிக்காது. அகளிச் சந்தையில் மிளகாய்க் காம்பு கிள்ளினேன், பொள்ளாச்சியில் தேங்காய்க் களத்தில் இருந்தேன், திருப்பூரில் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டினேன். கட்டியவன் எனக்கு முன்பே கிளம்பிப் போய்விட்டான். கடைசியாக இடுக்கி மலையில் ஆனைக்கரைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போனேன். அங்கேதான் என் உடம்பு என்னை மடக்கியது.

ஏலச்செடி ஆளைவிட உயரமாக நிற்கும், காயோ தரையில் கிடக்கும். அடிக்கட்டையிலிருந்து சரம் சரமாக மண்ணோடு படர்ந்திருப்பதைக் குந்தி உட்கார்ந்து, குனிந்து, விளைந்த காயாகப் பார்த்துக் கிள்ள வேண்டும். ஒரு தூர் முடிந்தால் எழுந்து அடுத்த தூர். காலையிலிருந்து சாயங்காலம் வரை இப்படித்தான். மற்ற பெண்களுக்கு வலி இடுப்பில். எனக்குக் கழுத்தில் தொடங்கித் தோள்பட்டை இரண்டும் கழன்று விழுவதுபோல வலித்தது. பாடியின் பட்டை பதிந்து தோளில் இரண்டு பக்கமும் விரல் வைக்கிற ஆழத்துக்குப் பள்ளம். மழைக்காலத்தில் மார்புக்கு அடியில் வெந்து தோல் உரியும். பழைய துண்டை மடித்து அடியில் கொடுத்துத்தான் வேலைக்குப் போவேன். சிறுவயதிலிருந்தே எனக்கு அப்படித்தான் உடம்பு. பஸ்ஸில், சந்தையில், களத்தில், எங்கே போனாலும் ஆட்கள் என் முகத்தைக் கடைசியாகத்தான் பார்த்தார்கள். யார் என்னிடம் நன்றாகப் பேசினாலும் இவன் எதற்காகப் பேசுகிறான் என்று யோசிக்கிற பழக்கம் அங்கே வந்ததுதான். அது பெண்களிடமும் தொற்றிக்கொண்டது.

தோட்டத்தில் ஒரு நாள் மருத்துவ முகாம் போட்டார்கள். கழுத்து வலிக்கு மாத்திரை கேட்டுத்தான் போனேன். பார்த்த டாக்டர் மாத்திரை எழுதாமல், மார்பின் பாரத்தைக் குறைக்க ஆப்பரேஷன் இருக்கிறது, இலவசமாகச் செய்துகொள்ளலாம் என்று ஒரு தாள் எழுதிக் கொடுத்தார். இலவசம் என்றதும் எனக்குப் பாதி சந்தேகம். மீதியை என் பக்கத்துத் தூரில் பறிக்கிற பெண் நிரப்பினாள்.

“சும்மா இருக்கிறதை எதுக்குடி அறுப்பாய்ங்க? உள்ள கட்டி இருக்கும். உன்கிட்டச் சொல்லாம மறைக்கிறாய்ங்க.”

அந்தத் தாளை ஏழு மாதம் தகரப்பெட்டியில் வைத்திருந்தேன். அடுத்த மழைக்கு அடியில் வெந்தது புண்ணாகிச் சீழ் வைத்தபோதுதான் வெளியே எடுத்தேன். நல்லேப்பிள்ளியில் கட்டிக்கொடுத்த அக்கா இருக்கிறாள், பின்னால் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று பாலக்காட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனேன்.

அங்கே டாக்டர் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொன்னார். அதையும் சொல்ல வேண்டும். மூன்று நாலு மணி நேரம் ஆகும். தழும்பு நிச்சயம் இருக்கும், போகாது. வெட்டிக் குறைத்த பிறகு காம்பை மேலே தூக்கித் தைக்க வேண்டும், அதற்கு இரத்தம் ஓடுகிற வழியைப் பிடித்துவைத்துத்தான் தைப்பார்களாம். ஆயினும் சிலருக்கு இரத்தம் ஓடாமல் காம்பு செத்துப்போகலாம், அப்படி ஆனால் அந்த இடத்தை எடுத்துவிட வேண்டும். இனிப் பிள்ளை பெற்றுப் பால் கொடுக்கிற யோசனை உண்டா என்று கேட்டார். அதைத் தெரிந்து உங்களுக்கு என்ன என்றேன். பால் வராமல் போகலாம், அதனால் கேட்கிறேன் என்றார். இல்லை என்றேன்.

பல்லைப் பார்த்தே புகையிலை போடுகிறவள் என்று கண்டுபிடித்துவிட்டார். ஆறு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், பின்னால் ஆறு வாரம் தொடவே கூடாது, புகையிலை இரத்தக் குழாயைச் சுருக்கிவிடும் என்றார். நிறுத்தினேன். கத்தி வைத்ததைவிட அதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

ஒன்று மட்டும் என் மனதில் உட்கார்ந்துகொண்டது. செத்துப்போகலாம். இவ்வளவு காலம் இந்தப் பாரத்தை வெறுத்தவள்தான். ஆனாலும் என் உடம்பில் ஒரு துண்டு எனக்கு முன்னால் செத்துப்போவது எனக்குச் சம்மதமில்லை.

கண் விழித்தபோது முதலில் தெரிந்தது வலி இல்லை. மூச்சுதான். நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்த யாரோ எழுந்து போனதுபோல மூச்சு உள்ளே போய் வந்தது. இரண்டு அக்குள் பக்கத்திலும் ஒவ்வொரு குழாய், குழாய் முனையில் குப்பி, குப்பியில் செந்தண்ணீர். வலி சாயங்காலம் வந்தது. பொறுக்கக்கூடிய வலி. இருமினால் மட்டும் தையல் ஒவ்வொன்றும் தன்னைத் தனித்தனியாகச் சொல்லும்.

வெட்டிய சதை எங்கே என்று கேட்டேன். பரிசோதனைக்குப் போயிருக்கிறது என்றாள் நர்ஸ். ஏலத்தோட்டத்துப் பெண் சொன்ன கட்டி என் ஞாபகத்துக்கு வந்தது. எல்லாருக்கும் அனுப்புவதுதான் என்றாள் அவள். அந்த நர்ஸ் இடுக்கி எஸ்டேட் லயத்தில் பிறந்தவள், தமிழ்க்காரி. அக்கா அக்கா என்று தேனாகப் பேசினாள். நான் அவள் மேலும் ஒரு கண் வைத்துக்கொண்டேன். அந்த ரிசல்ட் அப்புறம் வந்தது, ஒன்றுமில்லை என்று. அதை மருந்துக்கடைக்காரரிடமும் காட்டிப் படிக்கச் சொன்னேன். அவரும் ஒன்றுமில்லை என்றார்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாள் கொடுத்தார்கள். ஒரு பக்கம் மலையாளம், மறுபக்கம் இங்கிலீஷ். எனக்கு இரண்டும் தெரியாது. நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து விரல் வைத்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். நான் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன், எந்த வரியையாவது தாண்டுகிறாளா என்று. அவள் ஒன்றையும் தாண்டவில்லை. விரலைப் பார்த்ததில் பாதியை நான்தான் கேட்கவில்லை.

கேட்டது இவ்வளவு. கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. குடம் தூக்கக் கூடாது. மல்லாந்துதான் படுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கொடுத்த இறுக்கமான பாடியை ஆறு வாரம் இரவு பகல் கழற்றக் கூடாது, குளிக்கும்போது தவிர. தினமும் காம்பை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும், அழுத்தினால் நிறம் போய்த் திரும்ப வர வேண்டும். கறுத்தாலோ, தொட்டால் சில்லென்று இருந்தாலோ உடனே வந்துவிட வேண்டும். கறுத்தால் என்று சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்தது. என் நிறத்துக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவளும் என் நிறம்தான். “நமக்கெல்லாம் பாத்தா தெரியாதுக்கா. தொட்டுத்தான் பாக்கணும்” என்றாள்.

அக்கா வீடு நல்லேப்பிள்ளியில் வயலைப் பார்த்த வீடு. தை மாதம். கிழக்கே கணவாய் வழியாக நாளெல்லாம் காற்று வந்து ஓடுகளையும் ஜன்னலையும் அடித்துக்கொண்டே இருக்கும். அக்கா என்னைவிட ஆறு வயது பெரியவள். அதிகம் பேசமாட்டாள், வெற்றிலைப் பை இடுப்பை விட்டு இறங்காது. நான் வந்த அன்றே தெருவில் குடல்வால் ஆப்பரேஷன் என்று சொல்லி வைத்துவிட்டாள். என்னிடம் கேட்கவில்லை. என்னைப் பற்றி அவளுக்கு வெட்கமா என்று எனக்குச் சந்தேகம்.

பக்கத்து வீட்டுக்காரி மறுநாளே பார்க்க வந்தாள். நான் நெஞ்சைக் கையால் தாங்கிக்கொண்டு எழுந்ததை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஏனுங்கக்கா, உங்க பரம்பரைக்குக் குடல்வாலு நெஞ்சுலீங்களா இருக்குது?”

அக்கா முகம் மாறாமல், “அறுத்தது வயித்துல. வலி அங்கயும் இங்கயும் போகுமுங்க” என்றாள். அவள் போனதும் அக்கா கதவைச் சாத்திவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். உட்கார்ந்த இடத்தில் சிரித்தால் தையல் இழுக்கும் என்று நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

தலை வாரிவிடுவது, பாடியின் கொக்கி போடுவது, துண்டை நனைத்து உடம்பு துடைத்துவிடுவது எல்லாம் அக்காதான். ஒன்பதாம் நாள் சாயங்காலம் துடைத்து முடித்து வலப்பக்கம் துணி போட்டாயிற்று. இடப்பக்கம் ஈரத்தோடு இருந்தது. ஜன்னல் சரியாகச் சாத்தவில்லை. அக்கா வழக்கம்போல் காம்பைத் தொட்டுப் பார்த்தாள். கை அப்படியே நின்றது.

“ஏம்புள்ள, இது சில்லுனு கெடக்குது.”

எனக்குத் தொட்டது தெரியவில்லை. நானே தொட்டுப் பார்த்தேன். விரலுக்குச் சில்லென்றுதான் இருந்தது. வலப்பக்கம் சூடாக இருந்தது.

அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் பஸ் இருந்தது. அக்காவும் புடவை மாற்றட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றது நான்தான். போனால் அறுத்து எடுத்துவிடுவார்கள், அவர்களுக்கு அறுப்பதுதான் தெரியும் என்றேன். சில்லென்று இருந்தால் சூடு கொடுக்க வேண்டியதுதானே. சுளுக்கென்றாலும் வீக்கமென்றாலும் எங்கள் வீட்டில் உப்பு ஒத்தடம்தான். அக்கா கல்லுப்பை இரும்புச் சட்டியில் போட்டு வறுத்து, பழைய வேட்டித் துணியில் கொட்டி முடிச்சாகக் கட்டிக்கொண்டு வந்தாள். முதலில் தன் புறங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு தையல் படாமல் மேல்பக்கமாக ஒற்றினாள்.

எனக்குச் சூடே தெரியவில்லை. அரைகுறையாக வாட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். என்னை வைத்துப் பார்ப்பதில் அவளுக்குச் சலிப்பு வந்துவிட்டது, அடுப்படியில் நிற்க மனமில்லை.

“சுடுதா?” என்றாள்.

“எங்க சுடுது? பச்சத்தண்ணி மாதிரி இருக்குது. செய்யறதை மனசு வெச்சுச் செய்.”

போய் மறுபடி வறுத்துக்கொண்டு வந்தாள். அப்போதும் சூடு தெரியவில்லை. மூன்றாம் தடவை உப்பு சட்டியில் வெடிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. முடிச்சைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“எங்கையி பொசுங்குது. உனக்குச் சுடலையாக்கும்?”

“பொசுங்கற சூட்டையா நீ வெக்கறே? பாசாங்கு பண்ணாத. அழுத்தி வெய்யி.”

அழுத்தி வைத்தாள்.

மறுநாள் காலையில் இடப்பக்கம் காம்பைச் சுற்றிக் கொப்புளம் கிளம்பியிருந்தது. ஒன்று நெல்லிக்காய் அளவு, சுற்றிலும் சின்னதாக நாலைந்து. நடுவில் தோல் கறுத்து ஈரமாக மின்னியது. அழுத்திப் பார்த்தேன், நிறம் போகவும் இல்லை, வரவும் இல்லை. வலியும் இல்லை. செத்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். உப்பை நான் நினைக்கவே இல்லை. சுடாத உப்பு எப்படிக் கொப்புளம் போடும்? டாக்டர்தான் தையலை இறுக்கிவிட்டார், போட்டோவில் சிரத்தை காட்டியவர் ஊசியில் காட்டவில்லை என்று தோன்றியது. அக்காவிடம் காட்டினேன். பார்த்தாள், முகம் வெளுத்தது, எழுந்து போய்விட்டாள். நாலு நாள் கழித்து எப்படியும் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன்னால் போகமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன்.

அந்த நாலு நாளும் அக்கா எனக்கு இடது கையால் சோறு போட்டாள்.

எங்கள் பக்கம் வேண்டாத விருந்தாளிக்குக்கூட யாரும் இடது கையால் பரிமாற மாட்டார்கள். முதல் வேளை கவனக்குறைவு என்று விட்டேன். இரண்டாம் வேளையும் கரண்டி இடது கையில் இருந்தது. வலது கை முந்தானைக்குள் இருந்தது. தலை வாரவும் வரவில்லை, உடம்பு துடைக்கவும் வரவில்லை, வேலை இருக்கிறது என்றாள். என் புண்ணைப் பார்த்து அருவருப்பு வந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். கேட்கவில்லை. நான் எந்த வீட்டிலும் போ என்று சொல்லும்வரை இருந்ததில்லை. துணிகளை மடித்துப் பையில் வைத்தேன். ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு அங்கிருந்தே ஆனைக்கரைக்குப் பஸ் ஏறுவது என்று முடிவு செய்தேன்.

போகிற அன்று அக்கா கூட வருவேன் என்று நின்றாள். நீ வர வேண்டாம் என்றேன். பஸ்ஸில் எனக்குப் பின்னால் ஏறி, பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

டாக்டர் பாடியைத் திறந்து பார்த்தார். வலப்பக்கத்தை ஒரு நொடி பார்த்தார், இடப்பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். எப்போதிலிருந்து என்று கேட்டார். நாலு நாள் என்றேன். ஏன் உடனே வரவில்லை என்றார். நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் குழப்பம் இருந்தது. தப்புச் செய்தவர்களுக்கு வருகிற குழப்பம் என்று எடுத்துக்கொண்டேன்.

“புகையிலை போட்டீங்களோ?” என்றார்.

இல்லை என்றேன். அதே நேரம் அக்கா ஆஸ்பத்திரிச் சீட்டை எடுக்க இடுப்பில் கை விட்டதில் புகையிலையோடு வெற்றிலைப் பை மேசையில் வந்து விழுந்தது. நர்ஸ் அதைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் பதில் சொல்லியிருப்பேன். எட்டு வாரமாக ஒரு துணுக்கு வாயில் வைக்காதவளைத் திருடியைப் பார்ப்பதுபோல இரண்டு பேரும் பார்த்தார்கள். வாழ்நாள் முழுக்க நான் மற்றவர்களைப் பார்த்தது இப்படித்தான். என் பக்கம் திரும்பியபோது அது எவ்வளவு எரியும் என்று அன்று தெரிந்தது.

டாக்டர் கையுறையைக் கழற்றினார். இரத்தம் ஓடாமல் செத்திருந்தால் அந்தப் பகுதியை எடுத்துவிட வேண்டும், வைத்திருந்தால் உள்ளே அழுகும், நாளைக்கே தியேட்டரில் வைத்துத் திறந்து பார்க்கலாம், இன்றே படுக்கை போட்டுவிடலாம் என்று மெதுவாகச் சொன்னார். நர்ஸ் சம்மதத் தாளைக் கொண்டுவந்தாள். நான் பேனாவைத் தொடவில்லை. கூட வந்தவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று தாளை அக்கா பக்கம் நகர்த்தினாள். அக்கா பேனாவை இடது கையால் எடுத்தாள்.

“இடது கைப் பழக்கமாக்கா உங்களுக்கு?” என்றாள் நர்ஸ்.

அக்கா வலது கையை முந்தானைக்குள் இன்னும் இழுத்துக்கொண்டாள். நர்ஸ் எட்டி முந்தானையை விலக்கினாள். வலது உள்ளங்கையில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. துணியில் மஞ்சள் கறை. பிரித்தபோது நாலு விரலின் அடியிலும் கொப்புளம் உடைந்து தோல் சுருண்டிருந்தது.

“நாந்தானுங்க டாக்டர்” என்றாள் அக்கா. “சில்லுனு கெடந்துச்சுன்னு உப்பு வறுத்து ஒத்தடம் வெச்சேனுங்க. சுடலை சுடலைன்னு சொன்னா. நானும் வெச்சுப்போட்டேன்.”

நான் அதற்கும் சம்மதிக்கவில்லை. சுடவே இல்லை, அவளுக்கு வேறு எங்கேயோ சுட்டிருக்கும், உங்கள் தையலை மறைக்க அந்த உப்பைப் பிடித்துக்கொள்ளாதீர்கள் என்று டாக்டரிடமே சொன்னேன். டாக்டருக்குக் கோபம் வரவில்லை. கட்டிலில் சாயச் சொன்னார்.

“கண்ணு மூடிக்கோங்க. நான் தொடும்போது சொல்லணும், கேட்டோ.”

மூடினேன். வலப்பக்கம் ஓரத்தில் தொட்டது தெரிந்தது, சொன்னேன். அப்புறம் ஒன்றும் இல்லை. காத்திருந்தேன். வெளியே யாரோ டோக்கன் எண் கூப்பிட்டார்கள். காத்துக் காத்துச் சலித்துப்போய், “இடப்பக்கம் தொடறதுன்னா தொடுங்க” என்றேன்.

“கண்ணைத் திறங்கக்கா” என்றாள் நர்ஸ்.

டாக்டரின் விரல் என் இடப்பக்கத்தில் அழுத்தியபடி இருந்தது. அதுவரை எட்டு இடத்தில் தொட்டாயிற்று என்றார்.

மரத்திருக்கும், சூடு குளிர் எதுவும் தெரியாது, அதனால் வெந்நீரோ ஒத்தடமோ வைக்கவே கூடாது. தாளில் ஏழாவது வரி. நர்ஸ் விரல் வைத்துக் காட்டினாள். அன்றும் காட்டியிருந்தாள். ஈரத்தோடு காற்றில் திறந்து கிடந்தால் யாருக்கும் சில்லென்றுதான் இருக்கும் என்றார் டாக்டர். தியேட்டர் வேண்டாம், சூட்டுப் புண்ணாக வைத்தே பார்க்கலாம் என்றார். ஆழம் எவ்வளவு என்று பத்து நாளில் தெரியும், பிழைக்கும் என்று இப்போது சொல்ல முடியாது என்றும் சொன்னார். அதை அவர் சொன்னதால்தான் மற்றதை நம்பினேன். என் புண்ணுக்குத் தடவிய அதே களிம்பை அக்கா கைக்கும் தடவி, இரண்டு பேருக்கும் ஒரே சுருளிலிருந்து கட்டுப் போட்டாள் நர்ஸ்.

பஸ் நிறுத்தத்தில் அக்காவிடம் கேட்டேன், கை பொசுங்கினதை ஏன் சொல்லவில்லை என்று.

“சொல்லித்தான வெச்சேன். பாசாங்குன்னே.”

“மறுநாளாவது சொல்லியிருக்கலாம்.”

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “எங்கையே இப்பிடின்னா உம்மாரு என்ன ஆயிருக்கும்னு கணக்குத் தெரிஞ்சுபோச்சு. எந்த மூஞ்சிய வெச்சுச் சொல்றது?” என்றாள். பிறகு, “பையில துணியெல்லாம் எதுக்கு?” என்று கேட்டாள். துவைக்கப் போடலாம் என்று எடுத்தேன் என்றேன். அதை அவள் நம்பவில்லை. பஸ் வந்ததும் பையைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் ஏறினாள்.

பத்து நாளும் இரண்டு பேரும் ஒற்றைக் கையர்களாகக் குடும்பம் நடத்தினோம். என்னால் தூக்க முடியாது, அவளால் பிடிக்க முடியாது. அவள் இடது கையால் கரண்டி பிடிக்க, நான் தட்டை அதற்கு நேராகக் கொண்டுபோய் நீட்டினேன். கறுத்த தோல் பொருக்காகி ஓரத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு காலையும் அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க எனக்குக் கை வராது. அக்காவைப் பார்க்கச் சொல்வேன். அவள் பார்த்துவிட்டுத் துணியை மூடிவிடுவாள். ஒரு முறை நன்றாக இருக்கிறது என்று சொன்னபோது, அவள் பொய் சொல்கிறாள் என்று கண்ணாடி கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். பொய்தான் சொல்லியிருந்தாள்.

பதினொன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் பொருக்கை நனைத்து எடுத்தார்கள். டாக்டர் விரலால் அழுத்தினார், எடுத்தார், என்னையே பார்க்கச் சொன்னார். பொருக்குக்கு அடியில் தோல் புதுசாக, சிவப்பாக இருந்தது. அழுத்திய இடம் வெளுத்தது. மெதுவாக, ஓரத்திலிருந்து நடுவுக்கு, நிறம் திரும்பியது. இன்னொரு தடவை அழுத்துங்கள் என்றேன். அழுத்தினார். மறுபடி வந்தது. ஒரு பக்கமாகக் கால்வாசி மட்டும் நிறமில்லாமல் வெள்ளையாகவே நின்றுவிடும் என்றார். இருக்கட்டும் என்றேன்.

வைகாசி கடைசியில் ஆனைக்கரைக்குத் திரும்பினேன். தோள் பள்ளம் மேடாகவில்லை, ஆனால் அதில் இப்போது எதுவும் தொங்கவில்லை. குந்தி உட்கார்ந்து குனிந்தால் முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இடம் இருந்தது. பழைய பெண்கள் என்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். கட்டி எத்தனை பெரிசு என்று ஒருத்தி கேட்டாள். இல்லை என்றேன். நம்பவில்லை. அவளை நான் குறை சொல்லவில்லை.

மழை பிடித்த மூன்றாம் வாரம், தூருக்கு அடியில் கை விட்டுக் காய் கிள்ளிக்கொண்டிருந்தபோது இடப்பக்கம் உள்ளே ஏதோ ஊர்ந்தது. அட்டை ஏறிவிட்டது என்று நினைத்தேன். மழைக்காலத்தில் அங்கே அட்டைக்குக் குறைவில்லை. செடி மறைவுக்குப் போய் ரவிக்கையை அவிழ்த்துத் தேடினேன். அட்டை இல்லை. துணியை உதறினேன், அடியில் பார்த்தேன், பக்கத்துத் தூர்க்காரியைக் கூப்பிட்டு முதுகையும் பார்க்கச் சொன்னேன். எங்கும் இல்லை. ஆனால் ஊர்ந்துகொண்டே இருந்தது. வெள்ளையாய் நின்ற இடத்துக்குப் பக்கத்தில், சின்னதாக, விட்டு விட்டு.

விரலால் தொட்டேன். தொட்டது தெரிந்தது. ஈரக் கை, சில்லென்று இருந்தது.

சாயங்காலம் லயத்துக்குப் போய் அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். அந்தப் பக்கம் காற்று ஜன்னலை அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அழுகிறாளோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

“சில்லுனா இருக்குது?” என்றாள் கடைசியில்.

“ஆமா.”

“உப்பு வறுத்துட்டு வரட்டுமா?”